ரப்பர் கலந்த தார்ச்சாலை

ரப்பர் கலந்த தார் என்பது, பயன்பாடு முடிந்த டயர்களை அரைத்துப் பெறப்படும் ரப்பர்த் தூளைச் சூடான பிட்டுமெனுடன் கலந்து உருவாக்கப்படும் சாலைப் பிணைபொருள் ஆகும். இந்தியப் பொறியாளர்களிடையே இது சி.ஆர்.எம்.பி. என்ற சுருக்கப் பெயரால் வழங்கப்படுகிறது. பேச்சுவழக்கில் தார் எனப்படுவது பெட்ரோலியச் சுத்திகரிப்பில் இறுதியாக எஞ்சும் பிட்டுமெனே. நிலக்கரியிலிருந்து கிடைக்கும் உண்மையான தார் அன்று. எனினும் வழக்கையொட்டி இக்கட்டுரையில் தார் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

வெயில் மிகுந்து, கனரக ஊர்திகள் மெதுவாக ஊர்ந்து செல்லும் இடங்களிலேயே இதன் பயன் மிகுதி. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகியவற்றை உள்ளடக்கிய வடசென்னைத் தொழிற்பகுதி அத்தகைய இடமாகும்.

வடசென்னையும் சுமையூர்திகளும்

சென்னைத் துறைமுகம், 2001இல் எண்ணூர்த் துறைமுகமாகத் திறக்கப்பட்டு 2014இல் பெயர் மாற்றம் பெற்ற காமராசர் துறைமுகம், அதனை அடுத்துள்ள காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய மூன்றும் இப்பகுதியின் கரையோரத்தில் அமைந்துள்ளன. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுக வாயிலை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் பல மணி நேரம் வரிசையில் நிற்பது இப்பகுதியினர் நன்கறிந்த காட்சி.

ஓடும் லாரியைவிட நிற்கும் லாரியே தார்ச்சாலைக்கு அதிகக் கேடு செய்கிறது. தார் ஒரே நேரத்தில் திண்மத்தைப் போலவும் பாகைப் போலவும் நடந்துகொள்ளும் பொருள். சுமை நொடிப்பொழுதில் கடந்தால் அது சற்று வளைந்து மீள்கிறது. சுமை நெடுநேரம் அழுத்தினால் மெல்ல வழிந்து விலகுகிறது. கோடை வெயிலில் இவ்வியல்பு பன்மடங்காகிறது. இதனால் சக்கரம் செல்லும் தடத்தில் நீளவாக்கில் பள்ளம் விழுகிறது. மழைக்காலத்தில் நீர் நிறைந்த இப்பள்ளத்தின் ஆழம் தெரியாமல், லாரிகளுக்கு நடுவே செல்லும் இருசக்கர வாகன ஓட்டிகள் நிலைதடுமாறுவதுண்டு.

அச்சு எடை கூடும்போது சேதம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடத்தப்பட்ட சாலைச் சோதனையிலிருந்து, சேதம் ஏறத்தாழ எடையின் நான்காம் அடுக்கில் உயர்கிறது என்ற விதி பெறப்பட்டது. இந்தியாவில் நான்கு டயர்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கான உச்ச எடை 2018இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எடை உயர்வு 13 விழுக்காடுதான். அவ்விதிப்படி கணக்கிட்டால் சேதம் ஏறத்தாழ 1.6 மடங்காகிறது.

செயற்படும் விதம்

டயர் ரப்பர் கந்தகத்தால் பிணைக்கப்பட்டது. எனவே அது மெழுகைப்போல் உருகித் தாரில் கரைந்துவிடுவதில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுக்கு அரைக்கப்பட்ட துகள்களை 170 முதல் 190 பாகை செல்சியசு வரை சூடேறிய தாரில் இட்டுக் கலக்கும்போது, அவை தாரிலுள்ள இலேசான எண்ணெய்களை உறிஞ்சி இரண்டு மூன்று மடங்கு பருக்கின்றன. எண்ணெயை இழந்த தார் கெட்டிப்படுகிறது. பருத்த துகள்கள் அதற்கு மீள்தன்மையைத் தருகின்றன. லாரி டயர்களில் இயற்கை ரப்பர் மிகுதியாக இருப்பதால், கார் டயர்த் தூளைவிட அவற்றின் தூள் இதற்கு ஏற்றது. அதாவது, சாலையைக் குழியாக்கும் ஊர்தியின் டயரே அச்சாலைக்கு நல்ல மருந்தாகவும் அமைகிறது.

பயன் எவ்வளவு என்பதை மென்மையாகும் வெப்பநிலை காட்டும். தாரின் மீது வைத்த சிறு எஃகுக் குண்டு, தாரைச் சூடாக்கும்போது அதனைக் கீழ்நோக்கி இழுத்துத் தொங்கவிடும் வெப்பநிலையே இது. இந்தியாவில் பரவலாகப் பயன்படும் வி.ஜி. 30 வகைத் தாருக்கு இது குறைந்தது 47 பாகை. 2004ஆம் ஆண்டின் ஐ.எஸ். 15462 தரநிர்ணயத்தில் இடம்பெற்ற சி.ஆர்.எம்.பி. 60 வகைக்குக் குறைந்தது 60 பாகை.

தமிழகத்தில் நன்கறியப்பட்ட நெகிழிச் சாலையுடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய அம்முறையில், நெகிழிக் கழிவு சூடான சல்லியின் மீது உருகிப் படிகிறது. அதன் பின்னரே தார் சேர்க்கப்படுகிறது. இங்கோ மாற்றம் தாரிலேயே நிகழ்கிறது.

வரலாறு

1960களில் அமெரிக்காவின் ஃபீனிக்சு நகரப் பொறியாளர் சார்லசு மெக்டொனால்டு, வெடிப்புற்ற சாலைகளை ஒட்டுப்போட இக்கலவையை உருவாக்கினார். 1991இல் அந்நாட்டு நடுவணரசு, மாநிலங்கள் டயர் ரப்பரைச் சாலையில் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. எதிர்ப்பு எழுந்ததால் 1995இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. கழிவை ஒழிக்கும் நோக்கம் சாலையின் தேவையை முந்திச் சென்றதே இதற்குக் காரணம் எனலாம். இந்தியாவில் இந்தியச் சாலைக் காங்கிரசு 1999இல் எசுபி 53 என்னும் வழிகாட்டியை வெளியிட்டது.

மூலப்பொருட்கள்

வடசென்னையில் இதற்கான பொருட்கள் அருகருகே உள்ளன. 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை தாரை உற்பத்தி செய்கிறது. திருவொற்றியூரில் 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகையே பின்னாளில் எம்.ஆர்.எஃப். நிறுவனமாக வளர்ந்தது, 1952 முதல் டயர் மீள்பதிப்புக்கான ரப்பரையும் 1961 முதல் டயரையும் அந்நிறுவனம் தயாரித்தது. மீள்பதிப்பின்போது பழைய டயரின் மேற்பரப்பைச் சுரண்டுகையில் விழும் தூளும் சாலைக்குப் பயன்படும்.

தேய்ந்த டயர்கள் வேறு வழிகளிலும் செல்கின்றன. போகியன்று டயர் எரிக்க வேண்டாம் எனத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. 2022இல் வெளியான நடுவணரசின் விதிகள், கழிவு டயர்களின் மறுசுழற்சியை டயர் உற்பத்தியாளர்களின் பொறுப்பாக்கின. எண்ணெய் வடிப்பதற்காகக் கழிவு டயர்களை இறக்குமதி செய்வதையும் தடைசெய்தன.

குறைபாடுகள்

கலக்காமல் வைத்திருந்தால் துகள்கள் அடியில் படிந்துவிடும். நெடுநேரம் சூடாக்கினால் ரப்பரின் பிணைப்புகள் அறுந்து கலவை மீண்டும் இளகிவிடும். எனவே களத்தில் மேற்பார்வையின்றிக் கலக்கப்படும் தார், பெயரளவில் மட்டுமே ரப்பர்த் தாராக இருக்கக்கூடும். சாதாரணத் தாரைவிட அதிகச் சூடு தேவைப்படுவதால் எரிபொருட் செலவும் தொழிலாளர் மீது படும் புகையும் கூடுகின்றன.

டயர்களில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உருவாகும் சேர்மம், வட அமெரிக்காவில் கோகோ சால்மன் மீன்களைக் கொல்வதாக 2020இல் கண்டறியப்பட்டது. ஓடும் டயர்களின் தேய்மானத்திலிருந்தே அது பெரிதும் வெளியேறுகிறது; எனினும் மீன்பிடித் தொழில் நடக்கும் எண்ணூர்க் கழிமுகம் போன்ற இடங்களுக்கு அருகில் ரப்பர்ச் சாலை அமைக்கும்போது இதனையும் கருத வேண்டும்.

ரப்பர் மேலடுக்கை மட்டுமே வலுப்படுத்துகிறது. அடித்தளம் உள்வாங்கினால் மேலே எதை இட்டும் பயனில்லை. வடிகாலற்ற தாழ்நிலத்தில் தேங்கும் நீர், சல்லியிலிருந்து தாரை உரித்தெடுக்கும். ரப்பர் கலந்த தாரும் இதற்கு விலக்கன்று.