நோய் தீர்ந்த ஊரின் நாணயம்

சிசிலித் தீவின் தென்மேற்குக் கரையிலே செலினஸ் என்னும் கிரேக்க நகரம் இருந்தது. அங்கே தழைத்து வளர்ந்த காட்டுச் செலரிக் கீரையின் பெயரே ஆற்றுக்கும் ஊருக்கும் பெயராயிற்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அந்நகரத்தார் வெளியிட்ட வெள்ளி நாணயங்கள், நோயும் நலமும் பற்றிய பழங்கதை ஒன்றோடு பிணைந்துள்ளன.

பெரிய நாணயத்தின் ஒரு புறத்தில் அப்பல்லோவும் ஆர்ட்டெமிசும் தேரில் நிற்கின்றனர். அப்பல்லோவின் கையில் வளைந்த வில். கொள்ளைநோயைத் தருவது அவர் அம்பு. அதனைத் தணிப்பவரும் அவரே என்பது கிரேக்கர் நம்பிக்கை. மறுபுறத்தில் செலினஸ் ஆறு இளைஞன் வடிவில் பலிபீடத்தின்முன் நின்று வழிபடுகின்றது. பீடத்தருகே காணும் சேவல், மருத்துவத் தெய்வமாகிய அஸ்க்ளீப்பியசுக்குப் பலியிடும் பறவை.

இதிற் பாதி மதிப்புள்ள நாணயத்தில் ஹிப்சாஸ் என்னும் மற்றோர் ஆறு அவ்வாறே வழிபடுகின்றது. பீடத்தைப் பாம்பு சுற்றியுள்ளது. சட்டையுரித்துப் புத்துடல் பெறும் பாம்பு, கிரேக்கருக்கு நலத்தின் சின்னம். பின்னே சதுப்புநிலப் பறவையொன்று விலகி நடக்கின்றது.

இக்காட்சிகளின் பொருள் யாது? தேங்கிய ஆற்றுநீரால் செலினஸில் கொள்ளைநோய் பரவி மக்கள் மாண்டனர் என்றும், எம்பெடோக்ளீஸ் என்னும் அறிஞர் தம் சொந்தச் செலவில் அண்டையிலிருந்த இரண்டு ஆறுகளைத் திருப்பி அந்நீரிற் கலக்கச் செய்து நோயை ஒழித்தார் என்றும் டயோஜெனிஸ் லேயர்ட்டியஸ் எழுதியுள்ளார். நாணயங்கள் அதன் நினைவே என்றும், சதுப்பு வற்றியதால் பறவை அகல்கின்றது என்றும் ஆய்வாளர் பலர் உரைத்தனர். மறுப்போரும் உளர். நூலாசிரியர் பல நூற்றாண்டு பிந்தியவர். நாணயங்களில் எம்பெடோக்ளீசின் பெயரோ உருவமோ இல்லை.

ஆயினும், பிற ஊர்க் காசுகளோடு ஒப்பிடின் ஒன்று புலனாகும். அஸ்க்ளீப்பியசின் பெருங்கோயில் அமைந்த எப்பிடாரஸ் நகரம், அரியணையில் அமர்ந்து பாம்பின் தலைமேல் கைநீட்டும் அத்தெய்வத்தையே தன் வெள்ளிக்காசிற் பொறித்தது. நோயாளர் அக்கோயிலில் உறங்கிக் கனவிலே மருந்தறிந்தனர். செலினஸ் மக்களோ பலிபீடத்தின்முன் தம் ஆறுகளை நிறுத்தினர். ஆற்றின் நலமே ஊரின் நலம் என்று அவர்கள் கருதியமை இதனால் விளங்கும்.

கி.மு. 409இல் கார்த்தேஜியர் படை செலினஸை அழித்தது. இடிந்த கோயில்களும் இந்நாணயங்களும் எஞ்சின. அந்த ஆறு இன்று மோடியோனே என்னும் பெயருடன் கடலிற் கலக்கின்றது.