பனிநாட்டில் பசுஞ்செடி

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வந்து செடிகொடிகளை வளர்க்கும் நாட்டவர்க்குப் பனிக்காலம் என்பது மார்கழி விடியலிற் புல்நுனியில் தங்கும் நீர்த்துளியளவே. நுவரெலியாவில் ஆண்டின் தொடக்கத்தில் வரும் சில இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதுண்டு. அதுவும் கதிரவன் மேலெழுந்ததும் கரைந்துவிடும். ஐரோப்பாவின் வடபால் நாடுகளின் நிலை இத்தகையதன்று. அங்கே மண் கல்லாக இறுகும். வேர் நீரை உறிஞ்ச மாட்டாது தவிக்கும். இலையினுள் உள்ள நீர் பனிக்கட்டியாகி அதன் நுண்ணறைகளைச் சிதைக்கும். இலண்டன் மாநகரில் டிசெம்பர் மாதத்தின் கடைப்பகுதியிற் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைந்துவிடும். அத்தகைய நாட்டிலும் வீட்டினுள்ளே ஒரு பச்சை இலையைக் கண்ணாற் காண வேண்டும் என்ற ஆசை மக்களுக்கு நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அந்த ஆசையின் வரலாறு தோட்டக்கலையோடு நின்றுவிடவில்லை. கடல் கடந்து இலங்கைத் தீவின் மலைகளையும் அது தொட்டது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தை உரோமாபுரியிற் காணலாம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஆட்சி செய்த திபேரியசுப் பேரரசன் வெள்ளரி இனத்துக் காய் ஒன்றை நாடோறும் விரும்பி உண்டான் என்று பிளினி என்னும் அறிஞர் எழுதியுள்ளார். காய் எக்காலத்தும் கிடைக்கும் பொருட்டு, தோட்டக்காரர் சில்லுகள் பூட்டிய பாத்திகளிற் கொடிகளை வளர்த்தனர். வெயில் எறிக்கும்போது அவற்றை வெளியே உருட்டிச் சென்றனர். குளிர் நாள்களில் உள்ளே கொணர்ந்து, ஒளி ஊடுருவும் ஒருவகைக் கல்லின் மெல்லிய தகடுகளால் மூடினர். வெம்மையைக் காத்து ஒளியையும் விடும் பொருள் ஒன்று வேண்டும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

பல நூற்றாண்டுகளின் பின்னர் இக்கலை மன்னர்களின் மாளிகைகளிற் புத்துயிர் பெற்றது. பிரான்சிய மன்னன் பதினான்காம் உலூயியின் ஆணைப்படி 1684 ஆம் ஆண்டுக்கும் 1686 ஆம் ஆண்டுக்கும் இடையில் வெர்சேயில் தோடை மரங்களுக்கென ஒரு மண்டபம் எழுப்பப்பட்டது. அதன் நடுக்கூடம் ஏறக்குறைய 500 அடி நீளமுடையது. பருத்த சுவர்கள் குளிரைத் தடுத்தன. தெற்கு நோக்கிய பெருஞ்சாளரங்கள் தாழ்ந்து செல்லும் கதிரவனின் ஒளியை ஏற்றன. மரத்தொட்டிகளில் வளர்ந்த தோடைகள் ஒக்டோபர் மாதத்தில் உள்ளே கொணரப்பட்டு, மே மாதத்தில் மீண்டும் வெளியே வைக்கப்பட்டன. குடிமக்கள் உணவுக்கும் விறகுக்கும் அல்லலுற்ற பனிக்காலத்தில் மன்னனுடைய மரங்கள் குளிரறியாது வாழ்ந்தன.

அக்காலத்தவர் செய்த பெரும் பிழை, செடிக்கு வெம்மை ஒன்றே போதுமென எண்ணியது. செடிகள் நின்ற அறையிலேயே கரியடுப்பை மூட்டினர். அதன் புகையும் நச்சு வாயுவும் இலைகளை வாட்டின. இங்கிலாந்தைச் சேர்ந்த யோன் ஈவிலின் என்பார் இதனைக் கண்டு, அடுப்பைச் சுவருக்கு வெளியே அமைத்து, வெளியிலிருந்து வரும் தூய காற்றைக் குழாய்களிற் சூடாக்கி உள்ளே செலுத்தும் முறையொன்றை 1691 ஆம் ஆண்டில் விளக்கினார். செடியும் மனிதரைப் போல நல்ல காற்றை வேண்டுவது என்ற உண்மை இதனால் வலுப்பெற்றது.

காற்றின் குறை ஒருவாறு நீங்கியது. ஒளியின் குறையோ நீங்கவில்லை. ஒளிக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியின் விலையோ பொதுமக்களுக்கு எட்டாததாயிருந்தது. பிரித்தானிய அரசு 1745 ஆம் ஆண்டில் கண்ணாடிக்கு அதன் நிறையைக் கொண்டு வரி விதித்தது. வீட்டுச் சாளரங்களின் தொகைக்கேற்ப வேறொரு வரியும் இருந்தது. எனவே எளியவர் வீடுகள் இருளடைந்தே கிடந்தன. கண்ணாடி வரி 1845 ஆம் ஆண்டிலும் சாளர வரி 1851 ஆம் ஆண்டிலும் நீக்கப்பட்டன. அதன் பின்னரே நடுத்தரக் குடும்பத்தவரும் சாளரத்தருகே பூந்தொட்டி வைத்து மகிழலாயினர்.

ஆயினும் நகர வீடுகளில் வேறோர் இடையூறு காத்திருந்தது. ஆலைகளும் அடுப்புகளும் கக்கிய நிலக்கரிப் புகை இலண்டன் நகரை மூடியிருந்தது. வீட்டினுள் எரிந்த கணப்பு காற்றின் ஈரத்தைக் குறைத்தது. வாயு விளக்குகள் காற்றை மேலும் கெடுத்தன. இவற்றை எதிர்த்து நிற்கும் வழியை வைத்தியர் ஒருவர் தற்செயலாகக் கண்டறிந்தார்.

நதானியேல் பாக்ஷோ வார்ட் (1791–1868) கீழை இலண்டனில், கப்பற்றுறைகளை அடுத்த நெருக்கமான பகுதியில் வைத்தியத் தொழில் புரிந்தவர். தாவரங்களில் அவருக்குப் பெருவிருப்பு இருந்தது. முற்றத்திற் கற்களை அடுக்கிப் பன்னங்களை வளர்க்க முயன்றார். புகையினால் அவை மடிந்தன. 1829 ஆம் ஆண்டில் அந்துப்பூச்சியொன்றின் கூட்டுப்புழு விரியும் விதத்தைக் காண விரும்பி, ஈரமண் இட்ட கண்ணாடிப் போத்தலொன்றில் அதனைப் புதைத்து மூடி வைத்தார். பூச்சியைப் பார்க்கச் சென்ற கண்களுக்கு வேறொரு காட்சி தென்பட்டது. மண்ணின்மீது சிறு பன்னமொன்றும் புல்லொன்றும் முளைத்திருந்தன. முற்றத்தில் எத்துணை முயன்றும் வளராத பன்னம், கவனிப்பாரின்றிப் போத்தலினுள்ளே தானாகத் தளிர்த்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அது நீர் வார்க்கப்படாமலே வாழ்ந்தது. பின்னர் மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகுந்ததனால் அழிந்தது.

இதன் காரணம் எளிதில் விளங்கக் கூடியது. பகலில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் நீர் ஆவியாகி மேலெழுகிறது. குளிர்ந்த கண்ணாடியிற் பட்டுத் துளியாகிறது. துளிகள் வழிந்து மீண்டும் மண்ணை அடைகின்றன. கடல்நீர் முகிலாகி மழையாய் இறங்கும் பெருஞ்செயல் ஒரு சிறு போத்தலினுள்ளே நாடோறும் நிகழ்கிறது. புகை உள்ளே வருவதில்லை. ஈரம் வெளியே செல்வதில்லை. ஒளி மட்டும் தடையின்றி நுழைகிறது. இவ்வுண்மையைக் கொண்டு வார்ட் மரச்சட்டமும் கண்ணாடியும் இணைந்த பெட்டிகளைச் செய்வித்தார். 1842 ஆம் ஆண்டில் தம் ஆய்வை நூலாகவும் வெளியிட்டார். நகரத்து ஏழைகளின் வீடுகளிலும் இத்தகைய பெட்டிகள் இடம்பெற வேண்டும் என்று அந்நூலில் அவர் எடுத்துரைத்தது அவரது உள்ளத்தைக் காட்டுகிறது.

வீட்டுக்கு ஏற்ற பெட்டி கப்பலுக்கும் ஏற்குமா என்பதை அறிய, 1833 ஆம் ஆண்டில் இரு பெட்டிகளிற் பன்னங்களையும் புற்களையும் நிரப்பி அவுத்திரேலியாவுக்கு அனுப்பினார். அவை பல மாதப் பயணத்தின் பின்னரும் பசுமை குன்றாது கரை சேர்ந்தன. அடுத்த ஆண்டு சிட்னி நகரில் அந்நாட்டுச் செடிகள் அப்பெட்டிகளில் வைக்கப்பட்டன. திரும்பும் வழியிலே தென்னமெரிக்காவின் தென்முனையில் வெப்பநிலை பரனைற்று 20 பாகைக்கு இறங்கிற்று. கப்பலின் மேற்றளத்தில் பனி குவிந்தது. வெப்ப மண்டலத்தைக் கடந்தபோது 100 பாகைக்கு மேலாயிற்று. வழியில் ஒரு துளி நீரும் வார்க்கப்படவில்லை. செடிகளோ இலண்டனை உயிரோடு அடைந்தன. முன்னர்க் கடற்பயணத்தில் இருபது செடிகளிற் பத்தொன்பது மாண்டன. இப்பொழுது இருபதிற் பத்தொன்பது பிழைக்கின்றன என்று அக்காலத்துச் செடி வணிகர் வியந்தனர்.

இங்கிலாந்தின் இல்லங்களிலே இப்பெட்டி பெருவழக்காயிற்று. பன்னம் வளர்ப்பது ஒரு மோகமாகப் பரவியது. சார்ல்ஸ் கிங்சிலி என்னும் எழுத்தாளர் 1855 ஆம் ஆண்டில் அதற்கு ஒரு நோயின் பெயர் போலப் பெயரிட்டு எள்ளினார். அம்மோகத்தினால் விளைந்த கேடும் உண்டு. காடுகளிலும் பாறையிடுக்குகளிலும் வளர்ந்த அரிய பன்னங்கள் கூடைகூடையாகப் பிடுங்கப்பட்டன. அயர்லாந்தின் கிலாணிப் பன்னம் அருகிப் போனமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். செடியை விரும்பியவரே அதன் பிறப்பிடத்தை வெறுமையாக்கினர்.

செல்வர் சிலர் இன்னும் பெரிதாக எண்ணினர். டெவன்சயர் கோமகனின் சற்சுவேர்த்துத் தோட்டத்தில் யோசெப்பு பாக்சுடன் அமைத்த மாபெருங் கண்ணாடி மனை 1840 ஆம் ஆண்டளவில் எழுந்தது. அடுப்புகளில் நிலக்கரி இடைவிடாது எரிந்தமையால் பனிக்காலத்திலும் அங்கே வெப்ப நாட்டு மரங்கள் தழைத்தன. முதலாம் உலகப்போரின்போது நிலக்கரி கிடைக்கவில்லை. மரங்கள் குளிரில் மடிந்தன. 1920 ஆம் ஆண்டில் அம்மனை தகர்க்கப்பட்டது. வார்ட்டின் சிறு பெட்டிக்கு அத்தகைய முடிவு நேரவில்லை. அது வேறொரு தொழிலை மேற்கொண்டு உலகைச் சுற்றலாயிற்று.

குளிரிலிருந்து பன்னத்தைக் காத்த பெட்டி, பேரரசின் பொருளாதாரக் கருவியாக மாறியது. 1848 ஆம் ஆண்டு முதல் இறொபேட்டு போச்சூன் என்பார் சீனத் தேயிலை நாற்றுகளை இப்பெட்டிகளில் இட்டு இமயமலைச் சாரலுக்கு அனுப்பினார். தென்னமெரிக்க அந்தீசு மலைகளிலிருந்து சிங்கோனாச் செடிகள் எடுத்து வரப்பட்டன. மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் மருந்து அதன் பட்டையிலிருந்து கிடைத்தது. அச்செடிக்காகவே 1861 ஆம் ஆண்டில் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 1876 ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு இறப்பர் விதைகள் ஏறக்குறைய 70,000 கியூத் தோட்டத்துக்கு வந்தன. முளைத்தவை மிகச் சில. அவற்றுள் 1,919 நாற்றுகள் 38 பெட்டிகளில் வைக்கப்பட்டு, தோட்டக்காரர் ஒருவரின் துணையோடு இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை பிழைத்தன, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. கீழைத் தேசங்களின் இறப்பர்ப் பெருந்தோட்டங்களுக்கு அது தோற்றுவாயாயிற்று.

இலங்கைத் தேயிலையின் வழி வேறு. 1839 ஆம் ஆண்டில் அசாம் தேயிலை விதைகள் பேராதனைத் தோட்டத்துக்கு வந்தன. 1867 ஆம் ஆண்டில் யேம்சு தெயிலர் உலூல்கந்துரையில் அதனைத் தோட்டப் பயிராக்கினார். 1869 ஆம் ஆண்டில் கோப்பிச் செடிகளிற் பங்கசு நோய் தோன்றிப் பரவியபின் தேயிலையே மலைகளை ஆண்டது. அந்நாளில் செடியோடு மண்ணும் பெட்டியில் ஏறிச் சென்றது. மண்ணோடு பூச்சிகளும் நோய்வித்துகளும் உடன் சென்றன. செடிகளை அயல்நாட்டிலிருந்து கொணரும்போது மண்ணை நீக்குவதும் தனித்துவைத்துச் சோதிப்பதும் பிற்காலத்திற் சட்டங்களாயின.

இங்கே நின்று எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. இச்செடிகள் கப்பலேறிய அதே காலப்பகுதியில் தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தவர் பலர். நாற்றுக்குக் காற்றும் ஒளியும் ஈரமும் அளந்து கொடுக்கப்பட்டன. பிழைத்தவை ஒன்றுவிடாமல் எண்ணப்பட்டன. அந்நாற்றுகளை நட்டு வளர்க்க வந்த மனிதருக்கு நிழலும் நீரும் கிடைக்கவில்லை. பிழைத்துக் கரைகண்டோர் ஒற்றையறை லயன்களிற் குடியேறினர். 1,919 என்ற இறப்பர் நாற்றுகளின் தொகையை வரலாறு துல்லியமாகச் சொல்கிறது. வழியில் மாண்ட மனிதரின் தொகையை அவ்வாறு சொல்ல இயலவில்லை.

இன்றும் குளிர்நாட்டு வீடுகளின் சாளரங்களிற் காணப்படும் செடிகளிற் பெரும்பாலானவை வெப்ப நாடுகளில் தோன்றியவை. கிழக்காபிரிக்க மலைகளில் 1892 ஆம் ஆண்டில் செருமானிய அதிகாரி ஒருவர் கண்டெடுத்த ஆபிரிக்க ஊதாப்பூ அவற்றுள் ஒன்று. இலங்கையின் வரண்ட புதர்களில் நாருக்காக வெட்டப்படும் மருளின் மேற்கு ஆபிரிக்க உறவினம் மற்றொன்று. நீரைத் தடித்த இலையிற் சேர்த்துவைத்து, மங்கிய ஒளியிலும் வாழும் இயல்பினால் அது நெடிய பனிக்காலத்தைத் தாங்குகிறது.

இவற்றைப் பேணுவோர் கைக்கொள்ளும் விதிகள் யாவும் முன்னோரின் அனுபவத்தில் விளைந்தவை. பனிக்காலத்திற் செடியின் வளர்ச்சி தளர்வதால் நீரைக் குறைத்தல் வேண்டும். மிகுந்த அன்போடு நாடோறும் நீர் வார்ப்பதே வேர் அழுகிச் செடி மடிவதற்குப் பெருங்காரணம். கணப்புக்கு அருகே வைத்தல் ஆகாது. அங்கே காற்று ஈரமற்றது. சாளரத்தருகே ஒளி மிகுதியாயினும், இரவில் இலைகள் குளிர்ந்த கண்ணாடியைத் தொடாதவாறு விலக்கி வைத்தல் நன்று. இலையிற் படிந்த தூசியைத் துடைத்தால் குறைந்த ஒளியும் பயன்படும். செடிக்கு எது தேவை என்பதை அதன் பிறப்பிடத்தை அறிந்தவரே அறிவர். மழைக்காட்டுச் செடிக்கு வேண்டுவது ஈரக்காற்று. பாலைச் செடிக்கு வேண்டுவது வரண்ட மண்.

வேற்று நிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட உயிர் எதுவாயினும் அது எங்கிருந்து வந்தது, எதனால் வாழும் என்று கேட்டறிந்து பேணுதல் கொண்டுவந்தவரின் கடன். வார்ட் அதனை ஒரு பன்னத்திடம் கற்றார். அந்தக் கடனைச் செடிகளுக்குச் செவ்வையாகச் செலுத்திய பத்தொன்பதாம் நூற்றாண்டு, தோட்டங்களுக்கு வந்த மனிதருக்குச் செலுத்தத் தவறியது. மலைநாட்டிலே தலைமுறைகளாக அக்கடன் இன்னும் தீராமலே நிற்கிறது.