ஸவ்ர் குகைக்குச் சென்ற உணவு மூட்டை

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். வீட்டைச் சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்க ஒரு குவளை நீருக்குத் தவிக்கும் நிலையை 2015இல் சென்னை கண்டது. அன்று நம் தென்கரையும் கண்டது. அதன்பின் சில வீடுகளில் குடிநீரைச் சேமித்து வைக்கவும், அவசரத்திற்கென ஒரு பையைக் கட்டி வைக்கவும் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல பழக்கமே. ஆனால், இது அல்லாஹ்வின் மீதுள்ள தவக்குலுக்கு முரணானதன்றோ என்று என்னிடம் ஓதும் மாணவர்களின் வீட்டார் சிலர் கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை தேடுவோர் கி.பி. 622இல் மக்காவில் ஒரு வீட்டில் கட்டப்பட்ட மூட்டையைப் பார்க்க வேண்டும்.

ஹிஜ்ரத் நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் குகையிலிருந்தே சொல்லத் தொடங்குகிறோம். ஸஹீஹுல் புகாரியில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸோ அதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்குகிறது. தம்முடன் பயணம் செய்ய நேரலாம் என்று நபி (ஸல்) அவர்கள் குறிப்பாகச் சொன்ன நாள் முதல், அபூபக்ர் (ரழி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை வீட்டிலேயே வைத்துக் கருவேல இலை போட்டு நான்கு மாதங்கள் வளர்த்தார்கள். புறப்படும் நாள் எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. எனினும் ஒட்டகங்கள் ஆயத்தமாக நின்றன.

பின்னர் ஒரு நாள், உச்சிவெயில் வேளையில், வழக்கமாக வராத நேரத்தில், தலையைத் துணியால் மூடியவாறு நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அனுமதி கிடைத்துவிட்டது, புறப்பட வேண்டும் என்றார்கள். வீட்டுப் பெண்கள் விரைந்து பயணப் பொருட்களைச் சேர்த்தனர். ஒரு தோல்பையில் உணவு வைத்தனர். அதில் சமைத்த ஆட்டிறைச்சி இருந்ததாக வாக்கிதீயின் குறிப்பு ஒன்றுண்டு. உணவுப் பையையும் தண்ணீர்த் தோல்பையையும் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. அஸ்மா (ரழி) அவர்களிடம் இருந்தது தம் இடுப்புக் கச்சை மட்டுமே. அதை இரண்டாகக் கிழிக்குமாறு தந்தை சொல்ல, ஒரு துண்டால் தண்ணீரையும் மறு துண்டால் உணவையும் கட்டினார்கள். 'தாத்துன் நிதாக்கைன்', இரு கச்சை உடையவர் என்ற பட்டம் அதனால் வந்தது. இஸ்லாமிய வரலாற்றில் பட்டங்கள் பல வாளுக்கும் வீரத்திற்கும் கிடைத்தவை. இந்தப் பட்டமோ நெருக்கடி நேரத்தில் ஒரு மூட்டையை ஒழுங்காகக் கட்டியதற்குக் கிடைத்தது என்பதை நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஏற்பாடு அத்துடன் நிற்கவில்லை. மதீனா வடக்கே இருக்க, அவர்கள் சென்று தங்கியதோ மக்காவுக்குத் தெற்கே உள்ள ஸவ்ர் குகையில். அங்கே தங்கிய மூன்று இரவுகளும் அபூபக்ர் (ரழி) அவர்களின் மகன் அப்துல்லாஹ், பகலில் குறைஷியரிடையே கேட்ட செய்திகளை இருட்டியபின் கொண்டு வந்து சேர்த்து, விடியுமுன் ஊர் திரும்பினார். ஆமிர் பின் ஃபுஹைரா பால் தரும் ஆடுகளை இரவில் குகையருகே ஓட்டி வந்தார். வழி காட்டுவதற்கு அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிமாகக்கூட இருக்கவில்லை. பாலைவனப் பாதைகளில் தேர்ந்தவர், நம்பிக்கைக்குரியவர், அவ்வளவே. மூன்று இரவுகள் கழித்து ஒட்டகங்களுடன் வந்து சேருமாறு அவரிடம் முன்னரே பேசி முடித்திருந்தார்கள்.

தேடி வந்தோர் குகை வாயிலை அடைந்தபோது, அவர்களில் ஒருவன் தன் காலடியைக் குனிந்து பார்த்தாலும் நாம் அகப்பட்டுவிடுவோமே என்று அபூபக்ர் (ரழி) கலங்கினார்கள். அல்லாஹ்வை மூன்றாமவனாகக் கொண்ட இருவரைப் பற்றி என்ன எண்ணுகிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். தவக்குலின் உச்சம் என்று நாம் மிம்பர்களில் எடுத்துச் சொல்வது இந்தச் சொல்லைத்தான். இது சொல்லப்பட்ட இடத்திற்கு உணவு வந்திருந்தது, பால் வந்தது, செய்தி வந்தது, வாகனமும் வர இருந்தது. ஏற்பாடு அனைத்தையும் செய்து முடித்த பின்னும் மனிதக் கைக்கு எட்டாத ஓர் இடம் மிஞ்சியது. தவக்குல் நின்றது அந்த இடத்தில்.

இதற்கு நேர்மாறானதும் வரலாற்றில் உண்டு. யமன் நாட்டவர் சிலர் கட்டுச்சோறு இன்றி ஹஜ்ஜுக்குப் புறப்படுவார்கள். தங்களைத் தவக்குல் உடையோர் என்று சொல்லிக்கொள்வார்கள். மக்கா வந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். பயணத்திற்கு வேண்டியதைத் தயார் செய்துகொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா 197ஆம் வசனம் இவர்கள் விஷயத்தில் இறங்கியதென்று இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கிறார்கள்.

ஆகவே சேமிப்பது கூடும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு, எப்போது என்பதில்தான் கவனம் வேண்டும். பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சம்பழங்களை விற்று, தம் குடும்பத்திற்கு ஓராண்டுக்கு வேண்டிய உணவை நபி (ஸல்) அவர்கள் எடுத்து வைத்ததாக உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸும் புகாரியில் உள்ளது. அதே நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது, அவர்களது கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? எடுத்து வைத்தது உண்மை; தேவையுடையோர் வந்தபோது அதிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் உண்மை என்று அறிஞர்கள் விளக்கினர். குர்பானி இறைச்சி விஷயமும் இவ்வாறே. ஓராண்டு, மூன்று நாட்களுக்கு மேல் இறைச்சியை வைத்திருக்கக் கூடாதென்று தடுத்தார்கள். மக்கள் வறுமையில் இருந்த ஆண்டு அது. மறு ஆண்டு, உண்ணவும் உண்ணக் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். கடைத்தெருவில் பொருள் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் ஓராண்டுக்கு வாங்கி வைப்பது கூடும், தட்டுப்பாட்டுக் காலத்தில் அவ்வாறு வாங்கி மக்களை நெருக்கடிக்கு ஆளாக்கலாகாது என்று இமாம் நவவீ (ரஹ்) தம் முஸ்லிம் விரிவுரையில் தருவதும் இந்த வேறுபாட்டையே. புயல் எச்சரிக்கை வந்தபின் கடைக்கு ஓடித் தண்ணீர் கேன்களை அள்ளுவோர் இதை யோசிக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே, அமைதியான நாளில் வாங்கியவருக்கு இந்தச் சங்கடம் இல்லை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு மூன்று நாட்களுக்கு நீர் வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அறுபது லிட்டர் ஆகும். இருபது லிட்டர் கேன் மூன்று. இதோடு அவல், பேரீச்சை, முதியோருக்கான மாத்திரைகள், டார்ச், நெகிழி உறைக்குள் ஆவணங்கள். நீரை மூடி வையுங்கள். இரவில் பாத்திரங்களை மூடவும் தோல்பைகளின் வாயைக் கட்டவும், மூட ஏதுமில்லையெனில் குறுக்கே ஒரு குச்சியையேனும் வைக்கவும் பணித்த ஹதீஸை நாம் மக்தபிலேயே படித்திருக்கிறோம்.

ஹிஜ்ரி 18இல் மழை பொய்த்து, ஹிஜாஸ் மண் சாம்பல் நிறமாயிற்று. 'சாம்பல் ஆண்டு' என்றே அதை அழைத்தனர். உமர் (ரழி) அவர்கள் சிரியாவிலிருந்து உணவு வரவழைத்தார்கள். மக்களுக்குக் கிடைக்கும்வரை தாம் நெய் உண்பதை நிறுத்திக்கொண்டார்கள். மழை பெய்து பஞ்சம் நீங்கிய பின் ஒன்று சொன்னார்கள்: அல்லாஹ் இதை நீக்கியிராவிட்டால், வசதியுள்ள ஒவ்வொரு முஸ்லிம் வீட்டிலும் அவ்வீட்டாரின் எண்ணிக்கை அளவுக்கு ஏழைகளைச் சேர்த்திருப்பேன், ஒருவருக்குப் போதுமான உணவைக் கொண்டு இருவர் அழிந்துவிட மாட்டார்கள் என்ற கருத்தில்.