பத்ராவும் ஏடும்: ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் தரைத்தகடு

கடந்த மழைக்காலம் ஓய்ந்த வாரத்தில், மகர்பட்டாவில் வசிக்கும் என் பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் கால்விரிப்பைச் சுருட்டி எடுத்தோம். ஓட்டுநர் கால்வைக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தரைத்தகடே இல்லை. அதன் வழியே வாகன நிறுத்தத்தின் சிமெண்டுத் தளம் தெரிந்தது. முண்ட்வா சாலையை ஒட்டிய பட்டறையொன்றில் வண்டியைக் காட்டினோம். மூத்த மிஸ்திரி ஒருவர் திருப்புளியின் பிடியால் தரையெங்கும் தட்டிப் பார்த்தார். ஓசை மங்கிய இடங்களையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, ‘பத்ரா சட்லா’ என்றார். மராத்தியில் ‘தகடு அழுகிவிட்டது’ என்று பொருள்.

உலோகத் தகட்டைக் குறிக்கும் ‘பத்ரா’, இலை என்னும் பொருளுடைய ‘பத்ர’ என்ற வடசொல்லின் வழிவந்தது. நாம் ஆவணத்தைப் ‘பத்திரம்’ என்பதும் அச்சொல்லால்தான். தமிழிலும் ஓலையைக் குறித்த ‘ஏடு’ செம்புத் தகட்டுக்கும் பெயராகிச் ‘செப்பேடு’ என்று வழங்குகிறது. ஓலை செல்லரிக்கிறது, இரும்புத் தகடு துருவேறுகிறது. அழிந்த இடத்தை எதைக் கொண்டு, எவ்வளவு, எப்படி நிரப்புவது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. அக்கேள்வியை இந்த வண்டியின் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1953இல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், ஃபிஷர் அண்ட் லட்லோ என்னும் உடற்கூடு தயாரிப்பு நிறுவனத்தை வாங்கியது. அதுவரை ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்கூடுகளைச் செய்து தந்தது அந்நிறுவனமே. போட்டியாளரின் கைக்குப் போன அதை நம்பிப் புதிய கார் ஒன்றைத் திட்டமிட முடியவில்லை. ஆகவே, உடற்கூடும் சட்டகமும் ஒன்றேயான கட்டுமானம் பரவிவந்த காலத்தில், தனிச் சட்டகம் என்ற பழைய முறைக்கு ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் திரும்பியது. உடற்கூட்டைத் துண்டுகளாகப் பல இடங்களில் செய்வித்துச் சட்டகத்தின் மீது போல்ட்டுகளால் பூட்டும் அமைப்பு அது. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைக்க, 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது.

1962இல் அதே நிறுவனம் கொண்டுவந்த ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி அமைக்கப்பட்டது. ஆனால் ஹெரால்டின் முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடற்கூட்டைத் தாங்கிய கைகளும் ஓரச் சட்டங்களும் ஸ்பிட்ஃபயரில் பெரும்பாலும் நீக்கப்பட்டன. அந்தப் பாரத்தைக் கதவுகளுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்னும் பெட்டிவடிவத் தகடுகள் ஏற்றன. எனவே ஸ்பிட்ஃபயரில் சில்லும் அதை ஒட்டிய தரையும் துருப்பிடித்தால் வண்டியின் வலிமையே குறைகிறது. கதவு வாயில்களுக்குக் குறுக்கே கம்பி பற்றவைத்து இறுக்காமல் அவற்றை வெட்டினால் உடற்கூடு நடுவில் தொய்ந்து, பிறகு கதவு பொருந்தாது. ஹெரால்டில் சட்டகம் நலமாக இருக்கும்வரை அவ்வளவு ஆபத்தில்லை. எங்கள் வண்டியில் சட்டகத்தை முதலில் சோதித்ததும், அது உறுதி என்று தெரிந்த பிறகே தரையில் கைவைத்ததும் அதனால்தான்.

துண்டுகளைப் பூட்டும் அமைப்பு, உதிரிகளைக் கப்பலில் அனுப்பி அயல்நாட்டில் பூட்டவும் உகந்ததாக இருந்தது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் - வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961இல் ஹெரால்டை இங்கே வெளியிட்டது. பெயரில் ஒரு மாற்றம்: பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டு, இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஆங்கிலேயருக்கு ‘ஸ்டாண்டர்டு’ என்பது ‘டீலக்ஸ் அல்லாத சாதாரண வகை’ என்ற பொருளுக்கு இறங்கிவிட்டதால், தாய்நிறுவனம் 1963இல் அப்பெயரைக் கார்களிலிருந்து கைவிட்டது. தமிழ்ப் பேச்சிலோ அச்சொல் இன்றும் உயர்ந்த தரத்தையே குறிக்கிறது. பிறந்த ஊரில் மதிப்பிழந்த பெயர் சென்னையில் 1988 வரை நிலைத்தது.

1968இல் வந்த மூன்றாம் வகை ஹெரால்டுக்கு நான்கு கதவுகள். பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்டு விற்பனைக்கே வரவில்லை. 1972இல் இங்கே ஹெரால்டின் இடத்தை கெஸல் பிடித்தது. எங்கள் வண்டி அந்த நான்கு கதவு வகை. டிரையம்ஃப் கார்களுக்கான தரைத்தகடுகளை இன்றும் பிரிட்டனில் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். ஆனால் சென்னையில் மட்டுமே பிறந்த ஓர் உடற்கூட்டுக்கு அப்படியே பொருந்தும் தகட்டை எங்கே வாங்குவது? கையால் வளைத்துத்தான் செய்ய வேண்டும்; அதற்கு மாதிரி, எஞ்சியிருக்கும் பழைய தகடே. அதை வீசிவிட்டால் சான்றும் போய்விடும்.

துரு எங்கிருந்து வந்தது? பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு, கார்களின் அடிப்பகுதியை வெளியிலிருந்து தின்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் உள்ளிருந்து தொடங்குகிறது. முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடிக்கும். அதன் வழியே கசியும் மழைநீர் கால்விரிப்பின் அடியிலுள்ள கம்பளிப் பட்டையில் ஊறி, மாதக்கணக்கில் உலராமல் கிடக்கும். இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் மடிப்பில் பெயிண்ட் சென்றிருக்காது. அங்கே உருவாகும் துரு மூல இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், அதுவே ஆப்பு போல மடிப்பைப் பிளந்து மேலும் நீருக்கு வழிவிடுகிறது. மேலே கொப்புளமாகத் தெரிவது அடியில் நடந்ததன் சிறு பகுதியே.

இத்தகைய ஓட்டைக்கு எளிய தீர்வு பட்டி. துருவைச் சுரண்டி, வலையொன்றை ஒட்டி, பட்டி பூசித் தேய்த்து, மேலே கறுப்புத் தார்ப்பூச்சு அடித்துவிட்டால் தரை புதியதாகவே தோன்றும். செலவும் குறைவு. பெரியப்பா முதலில் அதையே விரும்பினார். ‘எனக்கு எழுபத்தாறு வயது, நான் ஓட்டும்வரை தாங்கினால் போதும்’ என்றார். அவருக்கு உடனே மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை.

எனக்கு இவ்வூரின் பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் நினைவுக்கு வந்தது. அங்கே 1919இல் தொடங்கி 1966இல் நிறைவுற்ற மகாபாரதச் செம்பதிப்பில், உறுதியற்ற பாடத்தின் அடியில் நெளிகோடு இடப்பட்டிருக்கும். இடைச்செருகல் என்று கருதிய பகுதிகள் அடிக்குறிப்பிலும் பின்னிணைப்பிலும் காக்கப்பட்டிருக்கும். உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றிலும் கிடைக்காத 267, 268ஆம் பாடல்களின் இடம் இடைவெளியாகவே நிற்கிறது; அவர் புனைந்து நிரப்பவில்லை. பட்டி பூசுவது, சிதைந்த அடியைத் தம் சொல்லால் நிரப்பிவிட்டு மூலம் என்று அச்சிடுவதற்கு நிகர். பாடமோ அங்கேயே நிற்கும். தகடு பூச்சுக்கு அடியில் மேலும் அழுகும் என்பதால் காரில் அது இன்னும் பெரிய பிழை. இதைச் சுருக்கமாகச் சொன்னபோது பெரியப்பா சிரித்தார், ஆயினும் ஒப்புக்கொண்டார்.

நல்ல இரும்பு கிடைக்கும்வரை வெட்டி, அதற்கு மேல் ஓர் அங்குலமும் வெட்டாமல், அதே கனமுள்ள தகட்டை வளைத்துப் பற்றவைத்தார் மிஸ்திரி. இடப்பக்கத் தரையில் யாரோ பெயர் தெரியாத டிங்கர் ஒருவர் முன்பு ரிவெட் அடித்துப் பொருத்திய ஒட்டுத்தகடு இருந்தது. அதன் அடியில் ஈரம் தங்கியிருந்ததால் கழற்றத்தான் வேண்டியிருந்தது. ஒளிப்படம் எடுத்து, அளந்து, உறையிலிட்டு வைத்திருக்கிறேன். அதுவும் இவ்வண்டியின் ஒரு பாடபேதம்தானே. மடிப்புகளில் துத்தநாகப் பூச்சு, இணைப்புகளில் நீர்காப்புப் பசை, தரையில் நீர் வடியும் துளைகள் என வேலை முடிந்தது. புதிய தகடுகளின் அடிப்புறத்தில் மாற்றிய ஆண்டைப் பொறிக்கச் சொன்னோம். எங்களுடைய நெளிகோடு அது.

கரும்பும் தானியமும் விளைந்த வயல்களை உழவர்கள் தாமே ஒன்றுசேர்த்து நகராக்கிய இடம் மகர்பட்டா. பெருங்களத்தூரில் ஹெரால்டு பிறந்த தொழிற்சாலையின் நிலத்திலும் இன்று தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் நிற்கின்றன. நிலம் மாறுவது இயல்பு. ஆனால் அங்கே தகடு அடித்தவர்களும், பிறகு ஊர்தோறும் அத்தகட்டைச் சீர்செய்த டிங்கர்களும் வழங்கிய சொற்களை யாரும் முறையாகத் தொகுத்ததாக நான் காணவில்லை. நண்பர்களின் குடும்பத்தில் அத்தொழிற்சாலையில் பணியாற்றியவர்கள் இருப்பின், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துவையுங்கள். முதியவர்களின் நினைவும் ஈரம் பட்ட ஏடுதான். காலம் தாழ்த்தினால் பட்டி பூசத்தான் முடியும்.