ஆடு தீண்டாத இலையும் மெலியிற குளிசையும்

ஆவணி பிறந்தால் எங்கள் பக்கம் கலியாணங்களும் சாமத்தியவீடுகளும் வரிசை கட்டும். அதுக்கு இரண்டு மாதம் முதலே போனில் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ, முழுக்க முழுக்க மூலிகை, பக்கவிளைவு இல்லை, பார்சல் வீட்டுக்கே வரும். முரசுமோட்டையில் இருக்கிற எங்கள் சிநேகிதிகள் சிலரும் வாங்கிப் பார்த்திருக்கினம். "பசியே வாறேல்லையடி" எண்டு சந்தோசமாகச் சொன்னவையும் உண்டு. 2009இல் ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வரிசையில் நிண்ட சனம் இருக்கிற ஊரில், பசி வராமல் பண்ணுகிற குளிசையைக் காசு குடுத்து வாங்குகிற காலம் வந்திருக்கிறது. அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. மெலியச் சொல்லி ஒரு பொம்பிளைப் பிள்ளையை எத்தினை பேர் நெருக்கினம் என்று எங்களுக்குத் தெரியும்.

எங்களை யோசிக்க வைத்தது அந்த "மூலிகை" என்ற சொல்தான். வன்னியில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பொருளாதாரத் தடையும் மருந்துத் தட்டுப்பாடும் இருந்த காலங்களில் இங்கே கனபேரைத் தாங்கினது வைத்தியர்மாரும் வீட்டுக் கைமருந்தும்தான். கொத்தமல்லி அவித்துக் குடித்து, வேப்பம்பட்டை இடித்துப் போட்டு, விசகடி வைத்தியரிட்ட ஓடிப்போய்ப் பிழைத்த சனம் இது. அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. அதைத்தான் இப்போது போத்தலில் அடைத்து ஆரோ விற்கினம். இது மற்ற நாடுகளில் எப்படி நடந்தது என்று தேடிப் பார்த்தோம். மூன்று கதைகள் எங்களுக்கு முக்கியமாகப் பட்டன.

முதலாவது பெல்ஜியத்தின் தலைநகர் பிரசெல்ஸ். அங்கே மெலிய வைக்கிற ஒரு சிகிச்சை நிலையம் பல வருசமாக இயங்கிவந்தது. 1990இல் தாங்கள் குடுக்கிற குளிசைக் கலவையில் இரண்டு சீன மூலிகைகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். 1992இல் வயது குறைந்த பெண்கள் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். நீரிழிவு இல்லை, பிறசர் இல்லை, ஆனால் சிறுநீரகம் சுருங்கிப் போயிருக்கிறது. விசாரித்தால் எல்லாரும் ஒரே இடத்தில் மெலியப் போனவர்கள். 1993இல் வான்ஹெர்வெகெம் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் ஒன்பது பெண்களின் கதையை 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார்கள். பிறகு கணக்கு நூறைத் தாண்டியது. கனபேருக்கு டயாலிசிசும் மாற்றுச் சிறுநீரகமும் தேவைப்பட்டன.

காரணம் ஒரு பெயர்க் குழப்பம். சேர்க்க நினைத்த மூலிகையின் பெயர் 'ஃபாங் ஜி'. சீனத்தில் அந்தப் பெயரின் முன்னால் வேறு அடை போட்டு வேறு வேறு செடிகளையும் அழைப்பார்கள். வந்து சேர்ந்தது 'குவாங் ஃபாங் ஜி', அரிஸ்டொலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்தது. அதில் இருக்கிற அரிஸ்டொலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அதோடு முடியவில்லை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், நோயாளிகள் 39 பேரின் பழுதான சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிப் பார்த்தபோது 18 பேரில் புற்றுநோய் இருந்தது. குளிசையை விட்டு வருசக் கணக்காகியும் அது உள்ளுக்குள்ள வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

இந்த இனத்துச் செடிகள் எங்களுக்குத் தெரியாதவை இல்லை. வரண்ட நிலத்தில் படருகிற ஆடுதீண்டாப்பாளை இதே இனம். இதே இனத்து இன்னொரு கொடி ஈசுரமூலி. சிங்களத்தில் சப்சந்த என்பார்கள். பாம்புக்கடிக்குப் பெயர்போன மருந்து. தமிழில் அதுக்கு இன்னொரு பெயர் 'பெருமருந்து'. நாகதம்பிரானுக்குப் பொங்குகிற புளியம்பொக்கணைக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கு அப்படி ஒரு கொடியின் மதிப்பை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு செடிக்குப் பெருமருந்து எண்டு பெயர், அதன் சொந்தக்காரச் செடிக்கு ஆடுகூடத் தொடாது எண்டு பெயர். இலை, குழை, கொப்பிப் பேப்பர் எல்லாத்தையும் தின்கிற சீவன் ஆடு. அது விட்டுவிட்டுப் போகிற இலையை முந்தின சனம் கவனித்து, அதையே பெயராக வைத்திருக்குது. ஆனால் இதை வைத்து "எங்கட ஆக்கள் அப்பவே எல்லாம் கண்டுபிடிச்சிட்டினம்" என்று பெருமைப்பட எங்களால் முடியவில்லை. இரவு குடித்து விடியச் சத்தி எடுத்தால், அந்த இலை கூடாது என்று அனுபவம் சொல்லிவிடும். இருபது வருசம் கழித்து வருகிற புற்றுநோயை எந்த அனுபவமும் அந்த இலையோடு முடிச்சுப் போட்டிருக்காது. தாய்வானில் 1997 முதல் 2003 வரை மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு இந்த அமிலம் உள்ள மருந்துகள் எழுதிக் குடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் பாரம்பரிய மருந்துகள்தான். டான்யூப் ஆற்றங்கரைக் கமக்காரர்களைத் தலைமுறையாகப் பிடித்த சிறுநீரக நோய்க்கும் இதே இனத்துக் களைச் செடியின் விதை கோதுமையோடு கலந்ததுதான் காரணம் என்று விளங்க அரை நூற்றாண்டு எடுத்தது. "ஆயிரம் வருசமாகப் பாவிக்கிறம், ஒண்டும் நடக்கேல்லை" என்பது அதனால்தான் எங்களுக்கு ஒரு வாதமாகத் தெரியவில்லை.

வவுனியாப் பக்கத்திலும் வடமத்திய மாகாணத்திலும் 1990களிலிருந்து கமக்காரரைக் கொல்லுகிற, காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும். தண்ணி, களைநாசினி, வெயில் என்று நீண்ட சந்தேகப் பட்டியலில் சப்சந்தவும் இருந்தது. அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. அப்படி எழுதி ஆரையும் பயமுறுத்த நாங்கள் வரவில்லை. ஏற்கனவே சிறுநீரகத்துக்கு இவ்வளவு சோதனை இருக்கிற மண்ணில், என்ன இருக்கெண்டு தெரியாத ஒரு போத்தலையும் சேர்த்து ஏன் இறக்குகிறோம் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது கதை பிரான்ஸ். அங்கே 'ஜெர்மாண்டர்' என்ற செடியை நூற்றாண்டுக் கணக்காகக் கசாயமாகக் குடித்து வந்தார்கள். 1986 முதல் அதைத் தூளாக்கி, கூட்டுக் குளிசையில் அடைத்து, மெலிய என்று விற்றார்கள். 1992க்குள் செங்கண்மாரியோடு வந்தவர்கள் இரண்டு டசினுக்கு மேல். அந்த வருசமே தடை விழுந்தது. செடியில் இருந்த பொருளை ஈரல் உடைக்கும்போதுதான் அது நஞ்சாகிறது. கசப்பான கசாயத்தை ஒருத்தராலும் அளவுக்கு மிஞ்சிக் குடிக்க ஏலாது. குளிசைக்குக் கசப்பு இல்லை. நாக்கு போட்டு வைத்த வேலியைக் குளிசை தாண்டிப் போய்விடுகிறது.

எங்கட குசினியிலிருந்து போன ஒன்றும் உண்டு. தெற்கில் மீன் கறிக்குப் போடுகிற கொறக்காவும் கேரளத்துக் குடம்புளியும் ஒரே குடும்பம். குடம்புளியின் புளிப்பு என்ன அமிலம் என்று 1965இல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த லூயிசும் நீலகண்டனும் கண்டுபிடித்தார்கள். அது உடம்பில் கொழுப்புச் சேருவதைத் தடுக்கலாம் என்ற எண்ணம் பிறகு வந்தது. 'கார்சினியா கம்போஜியா' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்பனை. 1998இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 கிழமை சோதித்தார்கள். கார்சினியா எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் போலிக் குளிசை எடுத்தவர்கள் 4.1 கிலோ. சிரிப்பு வந்தது எங்களுக்கு. ஆனால் அதே சாற்றுக் குளிசையால் ஈரல் பழுதானவர்களின் பதிவுகளும் பிறகு வந்தன. அவற்றை வாசிக்கச் சிரிப்பு வரவில்லை. மீன் கறிச் சட்டியில் போடுகிற இரண்டு துண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, கறியைப் பயப்பட வேண்டாம்.

மூன்றாவது கதைதான் இப்போது எங்கள் போனுக்கு வருகிற விளம்பரங்களுக்குக் கிட்ட நிற்கிறது. 2002இல் சிங்கப்பூரில் 'ஸ்லிம் 10' என்ற மூலிகைக் குளிசை விற்றது. அதை எடுத்த நடிகை அண்ட்ரியா டி குரூஸின் ஈரல் செயலிழந்தது. அவரைக் கலியாணம் செய்ய இருந்த நடிகர் பியர் பிங் தன் ஈரலில் ஒரு பகுதியைக் குடுத்துக் காப்பாற்றினார். அதே குளிசை எடுத்த இன்னொரு பெண் இறந்துபோனார். சோதித்தபோது குளிசைக்குள் ஃபென்ஃபுளூரமின் என்ற மருந்து இருந்தது. இருதய வால்வைப் பாதிக்கிறது என்று 1997இலேயே சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது அது. மூலிகை என்பது வெறும் லேபிள்.

அது தனிச் சம்பவமும் இல்லை. அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை கலப்படம் பிடிபட்ட 776 உணவுச் சேர்ப்புகளில் பத்துக்கு நாலு மெலியிற சாமான். அவற்றில் 85 வீதத்துக்குள் சிபுட்ரமின் இருந்தது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று 2010இல் நிறுத்தப்பட்ட மருந்து. பசியை அடிக்கும், நித்திரையைக் கெடுக்கும், நெஞ்சு படபடக்கும். ஆகவே ஒரு 'மூலிகை' இரண்டு நாளில் பசியை நிப்பாட்டினால், அது நல்லாய் வேலை செய்யுது எண்டு சந்தோசப்படுகிற இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் எங்கட சித்த மருத்துவத்தையும் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கும். 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. ஆனால் 2020 மார்கழியில் கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் ஒரு பாணி கிளம்பியபோது ஆயிரக்கணக்கில் சனம் வரிசையில் நிண்டது. சுகாதார அமைச்சரே பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா. அமைச்சர் குடிக்கிற நாட்டில் பார்சலில் வருகிற போத்தலை ஆர் நிறுத்துவது?

வைத்தியரிட்டப் போனால் நாடி பார்ப்பார், பத்தியம் சொல்லுவார், இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லுவார், பிழைத்தால் வீட்டு வாசலில் போய்ச் சண்டையும் பிடிக்கலாம். போனில் வருகிறவருக்கு வாசல் இல்லை. போன கிழமை நாங்கள் நாலு பேர் சேர்ந்து சிநேகிதிகளிடம் இருந்த போத்தல்களை வாங்கி லேபிளைப் பார்த்தோம். ஐந்தில் மூன்றில் எந்தச் செடி என்றே எழுதியிருக்கவில்லை. ஒன்றில் பதிவு இலக்கத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. ஏற்கனவே எடுத்துக்கொண்டிருக்கிறவைக்கு ஒண்டு மட்டும் சொன்னோம்: கண் மஞ்சளாகினால், சலம் கறுத்தால், நெஞ்சு இடித்தால், கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகேக்க அந்தப் போத்தலையும் கையில் கொண்டு போங்கோ. வெட்கத்தில் கனபேர் அதைத்தான் வீட்டில் ஒளித்துவைத்துவிட்டுப் போகினம்.