யாருடைய ஆடு? ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கத்தின் ஓராண்டு உருவான வரலாறு

வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா மலைகளில் மேயும் செம்மறி இனம் ஹெர்ட்விக். குட்டி கருப்பாகப் பிறக்கும்; வயது ஏற ஏற உடல் சாம்பல் பூத்து, முகமும் காலும் வெளுத்துவிடும். இவ்வினத்தை வளர்ப்போர் சங்கம் 1916இல் அமைந்தது. மே மாதம் கெசிக் ஊரில் கிடாச் சந்தை, கோடையில் மயிர் கத்தரிப்பு, செப்டம்பர் இறுதியில் எஸ்க்டேல் கண்காட்சி, நவம்பரில் மேய்ப்பர் கூட்டம் என்று ஓடும் ஆண்டைச் சங்கமே வகுத்தது என்று எண்ணத் தோன்றும். இவற்றில் முக்கியமான நாள்கள் சங்கத்துக்கு முந்தியவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இம்மலைகளின் உச்சி மேய்ச்சலுக்கு வேலி கிடையாது. தன் மந்தைக்குரிய எல்லையைக் குட்டி தாயுடன் மேய்ந்தே பழகிக்கொள்கிறது. அதனால் பண்ணைக்குக் குத்தகையாளர் மாறினாலும் மந்தை அங்கேயே இருக்கும். வந்தபோது ஏற்ற அளவு ஆடுகளைப் போகும்போது ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். எவ்வளவு பழகினாலும் சில ஆடுகள் எல்லை தாண்டத்தான் செய்யும். அவற்றை உரியவரிடம் சேர்க்கவே மேய்ப்பர் கூட்டங்கள் கூடின. எந்த ஆடு எவருடையது என்பதற்குக் காதில் வெட்டிய அடையாளமும் மயிரில் தீட்டிய வண்ணக் குறியும் சான்று. 1817இல் ஜோசப் வாக்கர் என்பவர் இக்குறிகளை ஆட்டுப் படங்களோடு தொகுத்து ஒரு கையேடாக வெளியிட்டார். படித்தவர், படிக்காதவர் இருவருக்கும் பயன்பட்ட ஆவணம் அது. என் பார்வையில், பின்னால் வந்த வம்சப் பதிவேட்டைவிட நுட்பமானது. இக்கூட்டங்களின் பிடிமானத்துக்கு மார்டேல் ஒரு சான்று. மான்செஸ்டரின் குடிநீருக்காக 1930களில் அவ்வூர் ஹாஸ்வாட்டர் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. கூட்டம் மட்டும் இடம் மாறித் தொடர்ந்தது.

மே மாதச் சந்தைக்கும் இதுபோன்ற காரணம் உண்டு. இனச்சேர்க்கைக்கான கிடாக்களைச் சிறு பண்ணையாளர்கள் விலைக்கு வாங்காமல் இலையுதிர்காலத்தில் வாடகைக்கு எடுத்தனர். குளிர்காலம் முழுதும் தீனி போட்டு, வசந்தத்தில் உடையவரிடம் திருப்பினர். அந்தத் திருப்பும் நாளே சந்தையானது. வாடகை வழக்கம் தேய்ந்தபின் வேறு மாதத்துக்கு மாற்றியிருக்கலாம், யாரும் மாற்றவில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேள்வி மாறியது. ஆடு யாருடையது என்பதோடு, யாருக்குப் பிறந்தது என்றும் கேட்கத் தொடங்கினர். கெசிக் அருகே கிராஸ்த்வைட்டில் பாதிரியாராக இருந்தவரும், 1895இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பை நிறுவிய மூவரில் ஒருவருமான ஹார்ட்விக் ரான்ஸ்லியின் ஆர்வம் இதில் பெரிது. 1899இல் தோன்றிய முதல் சங்கம் அவர் குடும்ப முயற்சியோடு தொடர்புடையது. 1916இன் சங்கமே நிலைத்தது; 1920இல் அதன் மந்தைப் பதிவேடு வெளிவந்தது. கிடாக்களைப் பரிசோதித்துத் தனித்தனியே பதிகிறார்கள். பெட்டைகளின் அடையாளமோ மந்தையோடு நின்றுவிடுகிறது. மலையை அறிந்து குட்டிக்குக் கற்றுத்தருபவை பெட்டைகள் என்பதால், ஏட்டுக்கு வெளியே நின்றதுதான் இம்மந்தைகளின் உண்மையான மூலதனம்.

சங்கத்தின் பொது வரலாற்றில் அதிகம் பேசப்படுபவர் குழந்தை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர். 1923இல் டிரவுட்பெக் பார்க் பண்ணையை வாங்கி ஹெர்ட்விக் வளர்த்தார். 1943இல் அவரை அடுத்த தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பொறுப்பேற்கும் முன்பே அவ்வாண்டு டிசம்பரில் இறந்தார். 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். தாம் விட்டுச்சென்ற மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம். தலைமைப் பதவியைவிட அந்த உயிலே இனத்துக்குப் பயன்பட்டது.

2001இன் கோமாரி நோய் இந்த ஆண்டுச் சுழற்சியை அறுத்தது. பிரிட்டனில் பதிவான 2,026 பாதிப்பிடங்களில் ஏறத்தாழ 900 கம்பிரியாவில். சந்தையும் கண்காட்சிகளும் நின்றன. குளிர்காலத்துக்குத் தாழ்நிலத்துக்கு அனுப்பியிருந்த இளம் ஆடுகள் பல கொல்லப்பட்டன. பணம் கொடுத்து வேறு ஆடு வாங்கலாம், ஆனால் அதற்கு மலையின் எல்லை தெரியாது. இழப்பீட்டுக் கணக்கில் அடங்காத இழப்பு அது.

2013இல் 'லேக்லேண்ட் ஹெர்ட்விக்' இறைச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தோற்றிடப் பாதுகாப்பு கிடைத்தது. கம்பிரியாவில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே வெட்டப்பட்ட ஆட்டின் இறைச்சியை மட்டுமே அப்பெயரில் விற்கலாம். உரிமையாளரையும் தகப்பனையும் அடுத்து, ஊரும் இப்போது ஆட்டின் அடையாளத்தில் சேர்ந்துவிட்டது.