ஒழுகும் கூரையும் ஓடும் வீடும்

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை அமெரிக்கர்களுக்குப் புதிதல்ல. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 'மோட்டார் ஹோம்' வண்டிகளுக்கு அங்கே நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. இந்த வரலாற்றை எஞ்சினிலிருந்து தொடங்கிச் சொல்பவர்கள் அதிகம். கூரையிலிருந்து சொல்பவர்கள் குறைவு. ஆனால் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே குப்பைக்குப் போன மோட்டார் ஹோம்கள் ஏராளம். காரணம் ஒன்றுதான்: கூரை வழியாக இறங்கிய மழைத்தண்ணீர்!

சாதாரண வீட்டுக் கூரை ஓரிடத்தில் அசையாமல் இருக்கிறது. மோட்டார் ஹோமின் கூரை அப்படியல்ல. நெடுஞ்சாலையில் ஓடும்போது ஒவ்வொரு மூட்டும் குலுங்குகிறது. வெயிலில் உலோகம் ஒரு அளவுக்கு விரிகிறது, மரம் வேறு அளவுக்கு விரிகிறது. குளிர்காலத்தில் விரிசலுக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து விரிசலை இன்னும் பெரிதாக்குகிறது. போதாக்குறைக்கு காற்றுப் போக்கி, ஆன்டெனா, கழிவுநீர்க் குழாயின் புகைபோக்கி என்று கூரையெங்கும் ஓட்டைகள். இத்தனைக்கும் நடுவில் தண்ணீர் இறங்காமல் காப்பது எப்படி? அதுதான் இந்தக் கதை.

கித்தான் காலம்

1840களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தவர்கள் ஓரிகன் பாதை என்ற 3,000 கிலோமீட்டருக்கும் நீண்ட வழியில் மாட்டு வண்டிகளில் போனார்கள். வளைத்த மரக் கம்புகளின் மேல் கித்தான் துணி விரித்திருப்பார்கள். அந்தத் துணியில் ஆளிவிதை எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் காய்ந்து படலமாகி, தண்ணீரைத் தடுக்கும். வெயிலிலும் தூசியிலும் படலம் தேய்ந்தால் மறுபடி தடவ வேண்டும். கூரைக்கு மறுபூச்சு என்ற வேலை அன்றே இருந்தது.

மோட்டார் கார் வந்த பிறகும் கித்தான் உடனே போய்விடவில்லை. 1910ல் பியர்ஸ் ஆரோ நிறுவனம் படுக்கையாக மாறும் பின் இருக்கை கொண்ட 'டூரிங் லாண்டோ' என்ற காரை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது. அது பணக்காரர்களின் வண்டி. மற்றவர்கள் காரின் பக்கத்தில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். 1919ல் புளோரிடாவின் டாம்பா நகரில் அப்படிப்பட்டவர்கள் கூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தையே தொடங்கினார்கள்.

ஒரு மழையும் ஒரு தொழிலும்

ஆர்தர் ஷெர்மன் என்பவர் டெட்ராய்ட்டைச் சேர்ந்த நுண்ணுயிரியல் அறிஞர். 1929 வாக்கில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போக, மடித்து விரிக்கும் கூடார டிரெய்லர் ஒன்றை வாங்கினார். சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்பது விளம்பரம். முதல் பயணத்திலேயே இடியோடு மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தை விரிக்க முடியாமல் குடும்பமே நனைந்தது.

ஊர் திரும்பிய ஷெர்மன், கெட்டியான சுவரும் கெட்டியான கூரையும் கொண்ட டிரெய்லரைத் தானே வடிவமைத்தார். அவருடைய பிள்ளைகள் அதற்கு 'கவர்ட் வேகன்', அதாவது அந்தப் பழைய கூண்டு வண்டியின் பெயரையே வைத்தார்கள். 1930ல் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அதை வைத்தார். வந்து குவிந்த வரவேற்பில் அது தொழிலாகவே மாறியது. 1936ல் அமெரிக்காவிலேயே பெரிய டிரெய்லர் நிறுவனம் அவருடையதுதான்!

தகடு வந்த கதை

அந்தக் காலத்தில் கார்களின் கூரைகூட முழு இரும்புத் தகடு அல்ல. நடுவில் மரச்சட்டமும் அதன் மேல் பூச்சிட்ட துணியும்தான். கூரை முழுவதையும் மூடும் அகலத்துக்குத் தகடு கிடைப்பது சுலபமாக இல்லை. அகலமான தகட்டைத் தொடர்ச்சியாக உருட்டும் ஆலைகள் வந்த பிறகு, 1935 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் 'டரட் டாப்' என்ற ஒரே தகட்டுக் கூரையைக் கொண்டு வந்தது. மூட்டு இல்லை என்றால் ஒழுகலும் இல்லை.

டிரெய்லர் உலகில் விமானத் தொழில்நுட்பம் நுழைந்தது. லிண்ட்பெர்க்கின் 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானத்தைக் கட்டும் பணியை மேற்பார்த்த ஹாலி பௌலஸ், 1934ல் ரிவெட் அடித்த அலுமினிய டிரெய்லரைச் செய்தார். 1936ல் வாலி பையமின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 'கிளிப்பர்' மாடலை வெளியிட்டது. வளைந்த கூரையில் தண்ணீர் தேங்காமல் வழிந்தோடிவிடும். ஆனாலும் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளும் தகடுகள் சேரும் இடங்களும் சீலன்டை நம்பித்தான் இருந்தன.

தட்டைக் கூரையும் ரப்பரும்

1966ல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் ஹோம் தயாரிப்பில் இறங்கியது. விலை குறைந்தது, நடுத்தரக் குடும்பங்களும் வாங்கின. இப்படிப் பெருகிய பெட்டி போன்ற வண்டிகளின் கூரைகள் பெரும்பாலும் தட்டையானவை. அவற்றின் நடுவே 14 அங்குலச் சதுரத்தில் வெட்டி ஏர்கண்டிஷனரைப் பொருத்தினார்கள். அதன் எடையில் கூரை சற்றுக் குழிந்தாலும் அங்கே தண்ணீர் தேங்கும்.

உலோகக் கூரை வைத்திருந்தவர்கள் தார் கலந்த வெள்ளிப் பூச்சை அவ்வப்போது பூசிச் சமாளித்தார்கள். பிறகு வந்தது ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். 1960களில் சந்தைக்கு வந்த இது, 1973 எண்ணெய் நெருக்கடியில் தார் விலை ஏறியபோது கட்டடக் கூரைகளில் பரவியது. 1980களிலிருந்து மோட்டார் ஹோம்களுக்கும் வந்தது. கூரை முழுவதும் ஒரே விரிப்பு, நடுவில் மூட்டே இல்லை! ஆனால் ஓரங்களிலும் ஓட்டைகளைச் சுற்றியும் மூட்டு இருக்கத்தானே செய்யும்? ஒழுகல் அங்கேதான் தொடங்கியது.

புதுப் பொருளுக்குப் பழைய வைத்தியம் உதவவில்லை என்பது இந்த வரலாற்றின் முக்கியமான பாடம். தார் போன்ற பெட்ரோலியப் பொருட்கள் பட்டால் ஈபிடிஎம் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். சிலிக்கான் பூசி அடைத்தால், பிறகு அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. அவசரத்தில் செய்த ஒட்டு வேலையே அடுத்த முறை முறையாகச் சரிசெய்ய முடியாமல் தடுத்துவிடும்.

மறுபூச்சு எப்படி?

அனுபவத்தில் உருவான முறை இதுதான். முதலில் கூரையைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காய விட வேண்டும். ரப்பரின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூச்சு பிடிக்காது. வெடித்த பழைய சீலன்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஊறிப்போன பலகையை மாற்றாமல் மேலே மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு மரம் இற்றுப்போகும். பிறகு சட்டங்களுக்கு அடியில் பியூட்டைல் நாடா, திருகுகளின் மேல் தானாகப் பரவிச் சமமாகும் சீலன்ட். கடைசியில்தான் பிரைமரும் இரண்டு கை பூச்சும். பூச்சு வெள்ளையாக இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பி உள்ளே சூட்டையும் குறைக்கும்.

பூச்சு அழகுக்கும் பாதுகாப்புக்கும். ஒழுகலை நிறுத்துவது அதன் அடியில் நடக்கும் மூட்டு வேலை. இந்த வரிசை மாறினால் பணமும் வீண், உழைப்பும் வீண்.

இன்னொரு சிக்கல், தண்ணீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றல்ல. சட்டத்தின் வழியே ஓடி வேறெங்கோ எட்டிப் பார்க்கும். உள்ளே கறை தெரியும்போது மரம் பல மாதங்களாக நனைந்திருக்கலாம். 'சிறு துளி பெரு வெள்ளம்' என்பதைச் சேமிப்புக்குச் சொல்வார்கள். இங்கே அது சேதத்துக்கும் பொருந்தும். அதனால்தான் வருடத்துக்கு இரண்டு முறையாவது கூரையில் ஏறிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இது வெறும் பொழுதுபோக்கு வண்டியின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வீட்டை இழந்த பலர் பழைய மோட்டார் ஹோம்களில் குடியேறினார்கள். வேலை தேடி ஊர் ஊராகப் போன முதியவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017ல் எழுதிய 'நோமேட்லாண்ட்' புத்தகம் 2020ல் திரைப்படமாகவும் வந்தது. இப்படி வாழ்பவர்களுக்கு மாற்று வீடு கிடையாது. கூரை இற்றுப்போனால் இருக்கும் ஒரே வீடும் போய்விடும்.

ஆளிவிதை எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பர் வரை பொருட்கள் எத்தனையோ மாறிவிட்டன. ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு முறை பூசிவிட்டு மறந்துவிடக்கூடிய கூரையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மழைக்கு முன்னால் ஏணி போட்டு ஏறுகிறவரின் வீடுதான் மழைக்குப் பிறகும் நனையாமல் இருக்கிறது.